சிவப்பில் தனம், பச்சையில் ஏழுமலை

புதிதாகக் களப்பணிக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது வழக்கம். அவர்களும் பொறுமை, புன்னகை, நேரம் தவறாமை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். அந்த மூன்றிலுமே எனக்குப் பெயர் கிடையாது. முப்பத்திரண்டு வருடம் மரக்காணம் சுற்றுவட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். ‘வாயாடி நர்சு’ என்றால்தான் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். அதனால் அறிவுரை வேண்டாம், ஒரு குழப்பத்தைச் சொல்கிறேன். எனக்கு அது இன்னும் தீரவில்லை. உங்களுக்காவது தீருகிறதா பாருங்கள்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் பையைத் திறங்கள். பிரஷர் பார்க்கும் கருவி இருக்கும், விரலில் குத்திச் சுகர் பார்க்கும் மெஷின் இருக்கும். எடை மெஷின் தனியாக வந்திருக்கும். பைக்கு அடியில் ஒரு இன்ச் டேப் சுருண்டு கிடக்கும். தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அதேதான். மொத்தப் பையிலும் விலை குறைந்தது அதுதான். நான் அதை நன்றாகவே பயன்படுத்தினேன். ஜன்னல் திரைக்கு அளந்தேன், மகளின் பள்ளிப் பாவாடைக்கு அளந்தேன், துணை சுகாதார நிலையத்துக்குப் புது பீரோ வந்தபோது வாசலில் நுழையுமா என்று அளந்தேன். மனிதர்களின் வயிற்றை மட்டும் ஒழுங்காக அளக்கவில்லை.

அதற்கு இரண்டு காரணங்கள். போனில் இருந்த ஆப்பில் உயரமும் எடையும் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். போட்டவுடன் அதுவே கணக்குப் பார்த்து பி.எம்.ஐ. என்று ஒரு எண்ணைக் காட்டும். கூடவே ஒரு நிறம். பச்சை என்றால் சரியான எடை, மஞ்சள் என்றால் கூடுதல், சிவப்பு என்றால் மிகவும் கூடுதல். இடுப்புச் சுற்றளவுக்கும் கீழே ஒரு கட்டம் உண்டு. ஆனால் அதைக் காலியாக விட்டாலும் ஆப் கோபித்துக்கொள்ளாது. ஆப் கோபிக்காத விஷயத்தைக் கூட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொரு காரணம் கூச்சம். உப்பளத்து ஆண்கள் சட்டையில்லாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒரு பெண் குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, ஊரான் வயிற்றைச் சுற்றி டேப் போட்டால் அன்றைக்கு முழுக்க அளத்தில் அதுதான் பேச்சாக இருக்கும். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். டேப்பை அவர்கள் கையில் கொடுத்து, “நீங்களே சுத்திப் பாத்து நம்பர் சொல்லுங்க” என்பேன். அந்தப் பக்கம் திரும்பி நின்று சொன்னதை எழுதிக்கொள்வேன். அவர்களுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. நான் ரொம்பக் கெட்டிக்காரி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இனி தனத்தின் கதைக்கு வருகிறேன். தனத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளும் அவள் கணவர் ஏழுமலையும் ஒரே அளத்தில் கூலி வேலை செய்தார்கள். அவர் பாத்தியில் உப்பை வாரிக் குவிப்பார். இவள் அதைக் கூடையில் தூக்கி, கரைமேல் இருக்கும் குவியலில் கொண்டுபோய்க் கொட்டுவாள். சீசன் முடியப்போகிற ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், காலை வேலை முடிந்து எல்லோரும் கொட்டகை நிழலுக்கு வந்த நேரத்தில் நான் முகாம் போட்டேன். தரை சமமாக இல்லாததால் பலகை போட்டு அதன்மேல் எடை மெஷினை வைத்தேன்.

தனம் ஏற வந்ததும் பெண்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

“ஏ தனம், பாத்து ஏறுடி, கவர்மென்டு மெஷினு!”

“ஒடஞ்சா இன்னாடி? என் எடைக்கு உப்பு குடுத்துட்றேன், போவட்டும்” என்றாள் தனம்.

அறுபத்தெட்டு கிலோ. உயரம் நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர். ஆப் சிவப்பைக் காட்டியது. அடுத்து ஏழுமலை ஏறினார். ஒட்டிய கன்னம், குச்சிக் கை, குச்சிக் கால். ஐம்பத்தெட்டு கிலோ, நூற்றறுபத்து மூன்று சென்டிமீட்டர். நல்ல பச்சை.

டேப்பை அவர் கையில் கொடுத்தேன். இந்தப் பக்கத்து ஆண்கள் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வயிறு முன்னால் தள்ளத் தள்ள அந்தக் கயிறு மெதுவாகக் கீழே இறங்கி, தொப்பைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். லுங்கியும் அங்கேதான் கட்டப்படும். ஏழுமலை கயிற்றின் மேலேயே டேப்பைச் சுற்றி, “எம்பத்தி நாலுங்க” என்றார். ஆண்களுக்குத் தொண்ணூறுக்குள் இருந்தால் சரி என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். திரும்பி நின்றபடியே எண்பத்து நாலு என்று போட்டுக்கொண்டேன்.

“பாத்தியா தனம்? உங்க வீட்டுக்காரர் பச்சையில இருக்காரு. நீ செவப்புல இருக்கற” என்றேன்.

“அவுரு இன்னா துன்னாலும் ஒடம்புல ஒட்ட மாட்டேன்துங்க நர்சம்மா. நான் தண்ணி குடிச்சாக்கூட ஒட்டிக்குது.”

“அப்ப உன் சோத்தக் கொறச்சி அவருக்குப் போடு. உனக்கு ஒரு கரண்டி போதும். அவர் நல்லா சாப்பிட்டு உடம்பத் தேத்தணும்.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பாதி விளையாட்டாகவும் பாதி அறிவுரையாகவும் சொன்னது அது. தனம் அதை முழு அறிவுரையாக எடுத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

சுகர் பார்க்கும் ஸ்டிரிப் அந்த மாதம் குறைவாக வந்திருந்தது. முப்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் பார்க்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் இருந்தது நாற்பது, வரிசையில் நின்றவர்கள் நூறுக்கு மேல். யாருக்குப் பார்ப்பது, யாரை விடுவது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. சிவப்புக்கு முதலில், மஞ்சளுக்குப் பிறகு, மிச்சம் இருந்தால் பச்சைக்கு என்று முடிவு செய்தேன். இன்றைக்கு நினைத்துப் பார்த்தாலும் அது முட்டாள்தனமான முடிவாகத் தெரியவில்லை. அதுதான் என்னைக் கஷ்டப்படுத்துகிறது. தனத்துக்குப் பார்த்தேன். சுகர் இல்லை. பிரஷரும் இல்லை. ஏழுமலை வரை ஸ்டிரிப் வரவில்லை.

அப்புறம் மாதாமாதம் தனத்தைப் போய்ப் பார்த்தேன். சிவப்பில் இருப்பவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. பச்சையில் இருப்பவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள்? மழைக்காலத்தில் அளத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. வேலை இல்லை. இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். தனம் ஒவ்வொரு மாதமும் முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று இறங்கினாள். நான் கைதட்டாத குறைதான். மாதாந்திரக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டு கூட வாங்கினேன். இடையில் இரண்டு தடவை சுகர் பார்த்தேன், அப்போதும் இல்லை. சிவப்பில் இருப்பவளுக்கு மூன்று தடவை பார்த்தும் ஒன்றும் வரவில்லையே என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எல்லாம் என் அறிவுரையின் பலன் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மே மாதம், காலை ஒன்பது மணிக்கு அளத்து மேஸ்திரி போன் செய்தார்.

“நர்சம்மா, தனம் கூடையோட வுழுந்துட்டா. பேச்சு மூச்சு இல்ல. சீக்கிரம் வாங்க.”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் மாரடைப்பு, மாரடைப்பு என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ‘நான் எத்தன வாட்டி சொன்னேன்’ என்று மற்ற பெண்களிடம் சொல்வதற்கு வாக்கியம்கூடத் தயார் செய்துகொண்டு போனேன்.

தனம் கொட்டகையில் கிடந்தாள். நான் போவதற்குள் கண் திறந்திருந்தாள். யாரோ தலையில் ஈரச் சாக்கைப் போட்டிருந்தார்கள். ஏழுமலை அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். பிரஷர் பார்த்தேன், ரொம்பக் குறைவு. சுகர் பார்த்தேன், எழுபத்து நாலு. நெஞ்சு வலிக்கிறதா என்றால் இல்லை என்றாள். கை மரத்துப்போகிறதா என்றால் அதுவும் இல்லை. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

“காலையில இன்னா சாப்பிட்ட?”

“டீ.”

“நேத்து ராத்திரி?”

“நீங்க சொன்னதுதான். ஒரு கரண்டி.”

“மத்தியானம்?”

தனத்தின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துப் பெண்தான் சொன்னாள். “எங்க துன்றா? தூக்குல இருக்கறத அப்டியே அவுரு தட்டுல கொட்டிட்றா. கேட்டா, நர்சம்மா சொல்லிச்சின்றா.”

தலையைத் தூக்கி ஏழுமலையைப் பார்த்தேன். அப்போதுதான் முதல் தடவையாக அவரை முழுசாகப் பார்த்தேன் என்று சொல்லலாம். கன்னம் இன்னும் ஒட்டியிருந்தது. தொப்பை முன்னைவிடத் தள்ளியிருந்தது. பெரிய தண்ணீர்ப் பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்துவிட்டு அடுத்த பாட்டிலுக்குக் கை நீட்டினார். வலது காலில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. வெயிலில் அதிலிருந்து ஒரு வாடை வந்தது. உப்பு வாடையில்லை.

“கால்ல இன்னா?”

“உப்பு அறுத்துச்சிங்க. சரியாப்பூடும்.”

“எப்ப அறுத்துச்சி?”

“பொங்கல் கழிச்சி வேல ஆரம்பிச்சாங்களே, அப்ப.”

பொங்கல் கழித்து என்றால் நாலு மாதம். துணியைப் பிரித்தேன். இரண்டாவது விரல் கறுத்துப்போயிருந்தது. கணுக்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது. நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது. விரலில் குத்திச் சுகர் பார்த்தேன். மெஷின் எண்ணே காட்டவில்லை. அது காட்டக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அடிக்கடி தாகம், உடம்பு அசதி, எடை குறைவது, ஆறாத புண் என்று சுகரின் அறிகுறிகளை நாமெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். உப்பளத்தில் யாருக்குத் தாகம் இல்லை? யாருக்கு அசதி இல்லை? யார் காலில் புண் இல்லை? நாலு மாதமாக அந்த மனிதர் ஒவ்வொரு அறிகுறியையும் ஊரறியக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்பதால் யாருக்கும் அது நோயாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் ஒரே ஒரு ஸ்டிரெச்சர்தான். ஆட்கள் தனத்தைத் தூக்கிவிட்டார்கள். “அவள எறக்குங்க, அவர ஏத்துங்க” என்றேன். யாருக்கும் புரியவில்லை.

“இன்னாம்மா இது? மயங்கி வுழுந்தவள வுட்டுட்டு, நடந்து வர்றவன ஏத்த சொல்றீங்க?” என்று மேஸ்திரி கத்தினார்.

“ஏத்துங்கன்றேன்!”

“எனுக்கு இன்னாங்க? நான் பச்சைன்னு நீங்கதான சொன்னீங்க” என்றார் ஏழுமலை. கிண்டலில்லை. நிஜமாகவே கேட்டார்.

அவரைப் படுக்க வைத்து, தனத்துக்குச் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர் கொடுத்து, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து ஏறினேன். என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். போகிற வழியில் தனத்துக்கு ஏதாவது ஆனால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டுதான் வந்தேன். எந்த நோயாளியை நம்புவது, எந்த எண்ணை நம்புவது என்றே தெரியாத நிலை. கண்ணால் பார்த்த ஒரு கறுத்த விரலை மட்டும் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா டியூட்டியில் இருந்தார். காலைப் பார்த்தவுடன் முகம் மாறிவிட்டது. விரலை எடுக்க வேண்டும், பாதத்தைக் காப்பாற்ற முடியுமா என்று இரண்டு நாளில்தான் தெரியும் என்றார். எல்லாம் ஓடி அடங்கிய பிறகு என்னிடம் வந்தார்.

“சிஸ்டர், இவருக்கு முன்னாடி ஸ்கிரீனிங் பண்ணீங்களா? இடுப்புச் சுத்தளவு எவ்ளோ?”

ஆப்பைத் திறந்து காட்டினேன். “எண்பத்தி நாலு டாக்டர்.”

“யார் எடுத்தது?”

“நான்தான்.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அவர் தன் டேப்பை எடுத்தார். ஏழுமலையின் கடைசி விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடித்தார். இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டார். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, சாதாரணமாக மூச்சை விடச் சொல்லிப் பார்த்தார். தொண்ணூற்று நாலு. அரைஞாண் கயிறு அதற்கு நாலு விரல்கடை கீழே கிடந்தது. டாக்டரம்மா கயிற்றையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“நான் எடுக்கல டாக்டர். அவரையே எடுக்கச் சொன்னேன்” என்றேன். அந்த வயதில் ஒரு சின்னப் பெண் முன்னால் அப்படி நின்றது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது.

அவர் திட்டவில்லை. “எடை மெஷின் ஆளு மொத்தமா எவ்ளோன்னுதான் சொல்லும் சிஸ்டர். இவருக்குக் கை கால்ல சதையே இல்ல. இருக்கற கொழுப்பெல்லாம் வயித்துக்குள்ள. பி.எம்.ஐ. பச்சையாத்தான் வரும்” என்றார். உயரத்தில் பாதிக்கு மேல் இடுப்புச் சுற்றளவு போகக்கூடாது என்று ஒரு எளிய கணக்கும் சொன்னார். மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். ஏழுமலையின் உயரத்தில் பாதி எண்பத்தொன்றரை. அவர் கயிற்றின்மேல் வைத்துச் சொன்ன அந்தத் தப்பான எண்பத்து நாலுகூட அதைத் தாண்டித்தான் இருந்தது. பாதியாக வகுத்துப் பார்த்திருந்தால் போதும்.

“அப்ப தனம்?” என்றேன்.

அவர் தனத்தையும் அளந்தார். எடை அறுபத்தொன்றுக்கு வந்திருந்தும் எண்பத்தாறு. பெண்களுக்கு எண்பதுக்குள் இருக்க வேண்டும். “இவங்களுக்கும் ஜாஸ்திதான்.”

“ஆனா சுகரே இல்லையே டாக்டர். மூணு வாட்டி பாத்தேன், இன்னைக்கும் பாத்தேன்.”

“இப்ப இல்ல. அதுக்காக வராதுன்னும் இல்ல, கண்டிப்பா வரும்னும் சொல்ல முடியாது.”

“அப்ப எதத்தான் நம்பறது?”

டாக்டரம்மா களைப்பாகச் சிரித்தார். “ரெண்டையும் எடுங்க. ரெண்டும் சந்தேகத்தத்தான் சொல்லும். ரத்தத்தப் பாருங்க, ஆளையும் பாருங்க.”

இதுதான் என் குழப்பம். டேப் சரி, எடை மெஷின் தப்பு என்று முடித்துவிட்டால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதியாக இருக்கும். ஏழுமலை விஷயத்தில் டேப் ஜெயித்தது. தனத்தை இரண்டுமே சிவப்பு என்றன, அவள் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் நான் எல்லோரையும் டேப்போடு துரத்த ஆரம்பித்தேன். அனுமந்தை கிராமத்தில் கடலுக்குப் போகிறவர் ஒருவர், இடுப்பு தொண்ணூற்றெட்டு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. “ஒரு நாள் தொழில் போச்சி, இன்னாத்துக்கு அனுப்புனீங்க?” என்று நடுத்தெருவில் சண்டைக்கு வந்தார். அவர் கேட்டது நியாயம்தானே? அந்த அளவு ஆபத்து இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்கிறது. ஆனால் நம் வாய் அதை நோய் என்று சொல்லிவிடுகிறது. பச்சை என்பதையும் அப்படித்தான் ஆரோக்கியம் என்று சொல்லிவிடுகிறது. எனக்கு இவ்வளவுதான் விளங்கியது. இதற்கு மேல் விளங்கியவர்கள் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கூச்சத்துக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்களை அவர்கள் மனைவியை விட்டே அளக்கச் சொன்னேன். விலா எலும்பு இது, இடுப்பெலும்பு இது, நடுவில் சுற்று என்று என் மேலேயே ஒரு தடவை காட்டிவிடுவேன். கயிற்றைக் கணக்கில் எடுக்காதே, எலும்பைப் பார் என்பேன். நான் பக்கத்தில் நின்று டேப் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். திரும்பி நிற்பதில்லை. பெண்கள் இதை ரொம்ப ஆசையாகச் செய்தார்கள். “மூச்ச வுடுய்யா, இன்னாத்துக்கு எக்கற?” என்று அவர்கள் போடும் சத்தத்தில் எந்த ஆணாலும் ஏமாற்ற முடியவில்லை.

ஏழுமலைக்கு இரண்டு விரல் போயிற்று. பாதம் தப்பியது. ஆனால் இனி உப்புத் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அளத்தில் வேறு என்ன வேலை இருக்கிறது அவருக்கு? தனம் ஒருத்தி கூலியில்தான் வீடு நடந்தது. ஒன்றரை மாதம் கழித்து, ஒரு நாள் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கட்டு மாற்றவும், மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்க்கவும் போனதாக வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தனம் என்னிடம் சரியாகவே பேசவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்திருந்தேன்.

கட்டு மாற்றி முடித்ததும் அவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள்.

“நான்தான் நர்சம்மா. நான்தான் கொட்டிக் கொட்டி அவுரு கால வாங்கிட்டேன். என் பங்கையும் அவுருக்கே போட்டன் பாருங்க, அதாலதான்.”

இத்தனை நாளாக அவள் இதைத்தான் மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இல்ல தனம். சோத்தால மட்டும் இது வராது. எப்பவோ ஆரம்பிச்சிருக்கும், நான்தான் பாக்கல. நீ செஞ்சது நான் சொன்னதத்தான். நான் அவர அளக்கவே இல்ல. டேப்ப அவர் கையில குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டேன்.”

கட்டிலில் இருந்து ஏழுமலை சொன்னார். “நான் வயித்த வேற எக்கிக்கினேன். நர்சம்மா திரும்பிக்கினது நல்லதாப்போச்சின்னு. இவ பாத்துட்டு சிரிச்சா.”

தனம் சிரிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். “அப்ப யாரு மேலயும் தப்பில்லன்றீங்களா?”

“இருக்குது. என் மேலதான் இருக்குது.”

அவள் மன்னித்தாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுந்து போய்க் கணவருக்குச் சோறு போட்டாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த மாதிரியே பாதித் தட்டுக்குக் கீரை, கொஞ்சம் சோறு, ஒரு துண்டு மீன். தட்டைக் கொடுத்துவிட்டுச் சோற்றுப் பானையை மூடினாள்.

“நீ சாப்பிடல?” என்றேன்.

“அப்பால சாப்டுக்கறேன்.”

“காலையில எத்தன நடை கூடை தூக்கின?”

“எண்ணலங்க.”

“தட்ட எடு. இப்ப சாப்பிடு, நான் பாக்கறேன்.”

தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள். பானையைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டாள். விட்ட கையை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

“எவ்ளோ நர்சம்மா?”

எனக்குத் தெரிந்ததை எல்லாம் யோசித்தேன். அறுபத்தொரு கிலோ. நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர். இடுப்பு எண்பத்தாறு. சுகர் இல்லை. காலையெல்லாம் உப்புக் கூடை தூக்கியவள். இத்தனை எண்கள் இருந்தும் அவள் தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏழுமலையும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“பசிக்குதா தனம்?” என்றேன். இத்தனை மாதத்தில் அவளிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதில்லை.

“பசிக்குதுங்க.”

“அப்ப போட்டுக்கோ.”

போட்டுக்கொண்டாள். குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். முதல் வாயை எடுத்து, வாய்க்கருகே கொண்டுபோய் நிறுத்தி, இன்னும் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாள்.